நீலக் கட்டம் போட்ட மூலை

செப்டம்பர் 27, சனி

காலாண்டுத் தேர்வு முடிந்தது. இந்த நாட்குறிப்பு கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைத்த பரிசு. ஜூன் மாதத்திலிருந்து மேசையில் சும்மா கிடந்தது. இன்று தொடங்குகிறேன். ஒரே ஒரு விதி: நடக்காததை எழுதக் கூடாது.

விடுமுறைக்குத் தமிழம்மா கொடுத்திருக்கும் வேலை, ஏதாவது ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதுவது. நான் புத்தகக் கண்காட்சிக்குப் போகலாம் என்றிருந்தேன். அது இப்போது எங்கும் நடக்கவில்லை. நாளிதழில் ‘கோவை குயில்ட் சங்கம், உறுப்பினர்கள் கையால் தைத்த போர்வைகளின் கண்காட்சி’ என்று சின்னதாக ஒரு செய்தி இருந்தது. வேறு வழியில்லை.

மதியம் அப்பா டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் யாருக்கும் ஆட்டம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “தெரீலியே கண்ணு” என்றார்.

அப்பா எங்கள் பள்ளியில்தான் உடற்கல்வி ஆசிரியர். தண்டபாணி என்ற பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். மற்றபடி விசில் சார். அவர் விசில் ஊதினால் காக்கைகூட நின்று பார்க்கும் என்பார்கள். அவருடைய மகளான எனக்கு ஓட வராது. பி.டி. வகுப்பில் நான் நிழலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறவள். ஜூலையில் பெண்கள் கபடி அணிக்கு ஒரு பிடியைச் செய்து காட்டும்போது அப்பாவின் முழங்காலில் சவ்வு கிழிந்தது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் மைதானத்துக்குப் போனார். அதில் முழுதாகக் கிழிந்து ஆபரேஷன் வரை போய்விட்டது. ஜனவரி வரை விடுப்பு. விசில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்து வந்ததும் சொன்னார்: “ஏனுங்க, நாளைக்கு நீங்களே அவளைக் கூட்டீட்டுப் போய்ட்டு வாங்க. இப்படியே உக்காந்திருந்தீங்கன்னா மேல காளான் மொளச்சுரும்.”

“போர்வை பாக்கறதுக்கா?”

“இங்க மட்டும் என்னத்தப் பாத்தீங்களாம்?”

செப்டம்பர் 28, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. அவ்வளவு பார்த்துவிட்டேன்.

கல்யாண மண்டபம் முழுவதும் கம்பி கட்டி, துணி காயப் போட்டதுபோலப் போர்வைகள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சுவர் அளவு. குயில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே வெட்டி ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் மேலே ஒரு கோலம்போல ஓடுகிறது. ஒருவர் பழைய குடைத் துணியில் தைத்திருந்தார். ஒருவர் எங்கள் ஊர் மேம்பாலங்களை அப்படியே சாம்பல் நிறத் துண்டுகளில் கொண்டுவந்திருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது ஜாக்கெட் பிட் குயில்ட். விசேஷ வீடுகளில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுப்பார்களே, தைக்கவும் முடியாமல் தூக்கிப் போடவும் முடியாமல் பீரோவில் அடுக்கி வைப்போமே, அதே பிட்டுகள். மயில் கழுத்து நிறமும் மாம்பழ நிறமும் பக்கத்தில் பக்கத்தில். அதன் முன்னால் நின்ற ஒரு அம்மா, “அந்தப் பச்சை நான் வச்சுக் குடுத்ததாட்டம் இருக்குது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

இங்கே மூன்று வழக்கங்கள். ஒன்று, யாரும் தொடக் கூடாது. பின்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளைக் கையுறை போட்ட உறுப்பினரைக் கேட்க வேண்டும். அவர் ஒரு மூலையைத் தூக்கித் திருப்பிக் காட்டுவார். யார் கேட்டாலும் காட்டியே ஆக வேண்டும். இரண்டு, தைத்தவர் பெயர் பின்னால் ஒரு துணித்துண்டில் தைத்திருக்கும், ஆனால் அதன் மேல் ஒரு மூடி. கடைசி நாள் மாலையில்தான் திறப்பார்கள். மூன்று, நுழையும்போது ஆளுக்கு ஒரு பொத்தான் தருகிறார்கள். எந்தக் குயில்ட் பிடித்ததோ, அதன் கீழே தொங்கும் சுருக்குப் பையில் போட வேண்டும். அதுதான் ஓட்டு.

அப்பா ஊன்றுகோலோடு ஒரு நாற்காலி தேடி உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மேம்பாலக் குயில்ட்டின் முன்னால் போய் நின்று, கையுறை அம்மாவிடம், “பின்னாடி பாக்கலாமுங்களா?” என்றார்.

அவர்தான் சங்கத் தலைவர் ஜெசிந்தா மேடம். தலைமுடியில் குண்டூசி குத்தியிருந்தார், மறந்துபோய். “முன்னாடி பாக்கறவங்க விருந்தாளிங்க. பின்னாடி பாக்கக் கேக்கறவங்க எங்க ஆளு” என்று சொல்லி மூலையைத் திருப்பினார்.

அப்பா குனிந்து பார்த்தார். “முடிச்சே காணோமுங்க!”

“உள்ள இழுத்து ஒளிச்சு வச்சிருக்கு.”

“அட!” என்றார் அப்பா. ஜூலைக்குப் பிறகு அவர் ‘அட’ என்று சொல்லி நான் கேட்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் பார்த்தார். எனக்குக் கால் வலித்தது. அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

என் பொத்தானை ஜாக்கெட் பிட்டுக்குப் போட்டேன். அப்பா எதற்குப் போட்டார் என்று ஆட்டோவில் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து பொத்தானை எடுத்துக் காட்டினார். “முடிவு பண்ண முடீல கண்ணு.”

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்தது. கட்டுரையைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் கேட்டதற்கு ஏழு பக்கம். தமிழம்மா பெருமூச்சு விட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

என் கட்டுரைக்கு இன்னும் விவரம் தேவைப்படும் என்று அப்பா பொள்ளாச்சிக் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். கட்டுரையைக் கொடுத்தாயிற்று என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பொள்ளாச்சிச் சங்கம் சின்னது. ஒரு தேவாலயத்தின் பக்கத்துக் கூடத்தில் வைத்திருந்தார்கள். மழை. தகரக் கூரையில் சத்தம் காதை அடைத்தது. எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டே போர்வை பார்த்தோம். தென்னந்தோப்பை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குயில்ட். அதில் ஒரே ஒரு மரம் தலைகீழாக இருந்தது. தைத்தவர் பெயரை மறைக்கத் தோன்றாமல் பக்கத்திலேயே நின்று, “எல்லாம் தெச்சு முடிச்ச பொறகு பாத்தனுங்க. போகட்டும், அந்த மரத்துல தேங்கா மேல விழுகும்” என்று சிரித்தார். அவருக்குத்தான் என் பொத்தான்.

ஜெசிந்தா மேடமும் வந்திருந்தார். அப்பா அவரிடம், “பனியன் துணியில தெச்சா இழுக்குமுங்களா?” என்று கேட்டது மழையையும் மீறி எனக்குக் கேட்டது.

“ரப்பராட்டம் இழுக்கும் சார். அடியில பசை போட்ட காடாத் துணி வச்சு இஸ்திரி போட்டு ஒட்டிக்கங்க. யாரு தெக்கறாங்க?”

“சும்மா ஒரு சந்தேகமுங்க.”

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எனக்குப் புத்தகம் கேட்டேன், பாவாடை சட்டையும் கிடைத்தது. ஈஸ்வரமூர்த்தி மாமா அப்பாவுக்கு ஒரு லுங்கி எடுத்துக் கொடுத்தார். நீலக் கட்டம், நடுவில் ஒற்றை மஞ்சள் இழை. மாமா அம்மாவின் அண்ணன். பம்ப் செட் கடை வைத்திருக்கிறார். நல்லவர். ஆனால் அவர் காதில் விழுந்த செய்தி வீடு போய்ச் சேர்வதற்குள் ஆவாரம்பாளையம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். தினமும் காலையில் எங்கள் தலைமையாசிரியரோடு நடைப்பயிற்சி வேறு.

அக்டோபர் 25, சனி

கட்டிலுக்கு அடியில் அப்பாவின் தகரப் பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கபடி அணி போட்டுக் கிழித்த ஜெர்சிகளை அதில் சேர்த்து வைத்திருந்தார். இன்று என் பழைய அட்லஸைத் தேடித் திறந்தேன். பாதி காலி.

எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. இனி மைதானம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாரோ என்னவோ.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார். வெங்காயம் உரித்ததால் கண்ணில் நீர் வந்தது என்று சொன்னேன். உரித்ததும் உண்மைதான்.

நவம்பர் 8, சனி

இன்று நடந்ததை எழுத முடியவில்லை. சிரித்துச் சிரித்து.

அம்மா வேலைக்குப் போயிருந்தார். அழைப்பு மணி அடித்தது. திறந்தால் மாமா, கையில் ஒரு சீப்பு செவ்வாழையோடு. உள்ளே வந்தால், அப்பா நாற்காலியில் கழுத்து வரை பெட்சீட் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வியர்த்துக் கொட்டுகிறது.

“என்ன மாப்ள, மச்சான் வந்திருக்கறேன், ஒரு மரியாதைக்கு எந்திரிக்கக்கூட மாட்டீங்களா?” என்று மாமா விளையாட்டாகக் கேட்டார். பெட்சீட்டுக்குக் கீழே தெரிந்ததைப் பார்த்து, “அட, நான் எடுத்த லுங்கி!” என்று சந்தோஷப்பட்டார்.

அப்பா எழுந்தார். பாதி எழுந்ததும் முகம் மாறியது. சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

“முடீலீங்க மச்சான்.”

“கையப் புடிச்சுக்கங்க, வாங்க.”

“வேண்டாம்! தொடாதீங்க!”

அப்பா அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. மாமா பின்வாங்கினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, “அம்மிணி, அப்பாவப் பாத்துக்க” என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். “அப்பா, டாக்டரைக் கூப்பிடட்டுமா?”

“கதவச் சாத்து. கத்தரியக் கொண்டா.”

பெட்சீட்டை விலக்கிவிட்டு எழுந்து நின்றார். சாதாரணமாக, நேராக. அவரோடு மடியிலிருந்து ஒரு பெரிய போர்வையும் எழுந்து தொங்கியது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஜெர்சித் துண்டுகள். நடுக்கோடு, போனஸ் கோடு, ஓரக் கோடு எல்லாம் வெள்ளைத் துணியில். ஒரு முழுக் கபடிக் களம். அப்பா மடியில் வைத்துத் தைத்துக்கொண்டே வந்ததில், மூன்று அடுக்கோடு நான்காவதாக லுங்கியையும் சேர்த்துத் தைத்துவிட்டார்!

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்பா முதலில் முறைத்தார். அப்புறம் அவரும் சிரித்தார். சிரிக்கும்போதெல்லாம் போர்வை குலுங்கியது.

“பிரிச்சுரலாம்பா” என்றேன்.

“பிரிக்கறதா? இத்தன நாள்ல இந்த ஒரு வரிசதான் கோடு போட்டாப்ல வந்திருக்குது!” லுங்கியைத்தான் வெட்டினார். தையலைச் சுற்றிச் சதுரமாக. நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டு குயில்ட்டின் பின்பக்க மூலையில் நின்றுவிட்டது. லுங்கியில் ஒரு ஜன்னல்.

ஜெர்சிகள் கிழிந்த இடங்களை அவர் வெட்டி எறியவில்லை. எதிரணி இழுத்துக் கிழித்த ஒவ்வொரு காலரும் தோளும் அப்படியே இருந்தது, கிழிசலின் மேல் ஆரஞ்சு நூலால் பின்னல் போட்டு. பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா, “அம்மாவத் தவிர யாருகிட்டயும் சொல்லக் கூடாது” என்றார்.

பெட்டி ஏன் காலியானது என்று தெரிந்துவிட்டது. இன்று வெங்காயம் உரிக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து உறவினர்கள். சத்துமாவு டப்பா, மாதுளம்பழம், திருநீறு. மாமா எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். “எந்திரிக்கவே முடியலியாமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று காட்டினார். “பாவம், நமக்காகச் சிரமப்பட்டு நிக்கறாரு” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 13, வியாழன்

தலைமையாசிரியர் அப்பாவை வரச் சொல்லியிருந்தார். அப்பா ஊன்றுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மாலையில் நான் வந்தபோது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நல்லா நடந்துதான் போனேன். அவரே ஓடி வந்து சேரப் போட்டுட்டாரு. கால் சரியாயிருச்சுங்க சார்னேன். ‘ஜூலையிலயும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான சொன்னீங்க, தண்டபாணி. உங்க மச்சான் நேர்ல பாத்துட்டு வந்து அழுதாரு. வலிய மறைக்கறது உங்க சுபாவம்’கறாரு. பொங்கலுக்கு அப்புறம் வேற பி.டி. மாஸ்டரப் போடறாங்களாமா. எனக்கு லைப்ரரி.”

“அன்னைக்கு ஏன் எந்திரிக்கலீன்னு சொல்லீர வேண்டியதுதான?”

“எப்படிச் சொல்றது? மடியில போர்வ தெச்சிட்டிருந்தேன்னா? மச்சானுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுரும். அந்தப் பொண்ணுகளுக்குத் தெரிஞ்சா எவ என் விசிலுக்கு நிப்பா?”

“நாள் பூரா ஊருச் சனத்துக்கெல்லாம் ஊசி குத்தறேன். எவனாவது என்னைய எளப்பமாப் பாத்திருக்கறானா? ஊசியில என்னங்க ஆம்பள ஊசி, பொம்பள ஊசி?”

அப்பா விரல் நுனியைத் தடவிக்கொண்டார்.

நூலகத்துக்கு நிரந்தரமாக ஒருவர் வேண்டும் என்று நான் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து ஆசைப்பட்டவள். அப்பாவே வந்தால் மதிய இடைவேளையிலும் திறந்து வைப்பார். இதை எழுதும்போதே எனக்கு அது வேண்டாம் என்று தெரிகிறது.

நவம்பர் 20, வியாழன்

கபடி அணித் தலைவி அமுதவல்லி அக்கா நூலகத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்தது இதுவே முதல் முறை. “நித்திலா, சாரு இனி வரவே மாட்டாராடி?” என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். நாட்குறிப்பில்தான் பொய் எழுதக் கூடாது என்று விதி. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நல்ல காலம். அப்பா தைக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கிறேன். அம்மா அவர் காலுக்கு மருந்து தடவிக்கொண்டே, “இந்த எடத்துல நூலு தொங்குது” என்று குறை சொல்கிறார். இப்போது லுங்கியில் தைத்துவிடாமல் இருக்க அப்பா மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொள்கிறார்.

இன்று திருப்பூர்க் கண்காட்சி. பனியன் கம்பெனியில் மிஞ்சும் வெட்டுத்துணியிலேயே எல்லாம். ஒரு குயில்ட்டில் வானம் மட்டுமே இருந்தது. எத்தனை நீலம்! நானும் அப்பாவும் அதன் முன்னால் நகராமல் நின்றோம். அப்பாவுக்கு இப்போது கால் நன்றாக ஊன்ற முடிகிறது. டாக்டரும் ஓடாமல் பயிற்சி கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, டாக்டரிடமும் வலியை மறைத்திருப்பீர்கள் என்றாராம்.

ஜெசிந்தா மேடம் அப்பாவின் விரல் நுனிகளைப் பார்த்தார். “சும்மா சந்தேகம் கேட்ட விரலா இது?” என்றார். பிடிபட்டுவிட்டோம். பொங்கலுக்கு முன்னால் மூன்று ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து பெரிய கண்காட்சி நடத்துகிறார்களாம், அதில் கட்டாயம் வைக்க வேண்டும் என்றார்.

“எந்த எடத்துலீங்க?”

அவர் சொன்னது எங்கள் பள்ளியின் பெயர். எங்கள் பள்ளியின் கலையரங்கம்!

“வேண்டாமுங்க.”

“பேரு மூடித்தான சார் இருக்கும்?”

“கடைசி நாள் தொறப்பீங்களே.”

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் தொறந்தே ஆகணும். அது சங்கத்து வழக்கம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா நெடுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்திருந்தார். “ஞாயித்துக்கெழம மத்தியானமே கழட்டிக் கொண்டாந்துரலாம்” என்றார். தொங்கவிட ஆசை. பெயர் தெரியவும் கூடாது.

ஜனவரி 9, வெள்ளி

வெள்ளைக் கையுறை எனக்கு! குயில்ட் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் போடலாமாம். ஜெசிந்தா மேடம் என்னிடம், “யார் கேட்டாலும் திருப்பிக் காட்டணும். மூடியைத் திறக்கக் கூடாது. வேற விதி எதுவும் கிடையாது” என்றார். இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினேன்.

ஜனவரி 10, சனி

நல்ல கூட்டம். அந்த ஜாக்கெட் பிட் குயில்ட்டும் வந்திருக்கிறது. அப்பாவின் குயில்ட்டுக்கு ‘களம்’ என்று பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறது. அதன் சுருக்குப் பை மதியத்துக்குள் கனத்துவிட்டது. அப்பா வரவில்லை. வீட்டுக்குப் போனதும் யார் யார் நின்றார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

முழுவதும் எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

மதியத்துக்கு முன்னால் அமுதவல்லி அக்கா அணியோடு வந்தார். பயிற்சி முடிந்து நேராக, கால் முழுக்கச் செம்மண். வாசலில் செருப்போடு மண்ணையும் தட்டிவிட்டு வரச் சொன்னார்கள். ‘களம்’ முன்னால் வந்ததும் கூச்சல்.

“ஏய், இது நம்ம ஜெர்சிடி!”

“அந்தக் காலரு! ஈரோட்டு மேட்ச்சுல கிழிஞ்சது, என்னோடது!”

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியரும் வந்துவிட்டார். அவரோடு, எப்போதும்போல, மாமா. தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “தண்டபாணி சேத்து வச்சிருந்த ஜெர்சிங்க. அவரு சம்சாரம் தெச்சிருப்பாங்க போல. பிரமாதம்.”

“யாரு, ரேணுகாவா?” மாமா சிரித்தார். “என் தங்கச்சிக்கு அறுந்த பட்டனக்கூடத் தெக்கத் தெரியாதுங்க சார். அம்மிணி, பின்னாடி திருப்பு, பேரப் பாப்போம்.”

“பெயர் மூடியிருக்கும் மாமா. பின்பக்கம் மட்டும்தான் காட்டலாம்.”

“அதையாவது காட்டு.”

யார் கேட்டாலும் காட்டியே ஆக வேண்டும். நான் கையுறையைச் சரி செய்துகொண்டு மூலையைத் திருப்பினேன். குயில்ட்டுக்கு நான்கு மூலைகள். எந்த மூலையைத் திருப்ப வேண்டும் என்று விதியில் இல்லை.

நீலக் கட்டம். நடுவில் ஒற்றை மஞ்சள் இழை.

மாமா குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

“இது தீவாளிக்கு நான் எடுத்த லுங்கி” என்றார் மெதுவாக. விரலால் காற்றில் அந்தத் தையலைப் பின்தொடர்ந்தார். “லுங்கியோட சேத்து… அப்ப அன்னைக்கு…” பிறகு அரங்கம் அதிர, “மாப்ளே!” என்று ஒரு சிரிப்பு.

அப்பா அப்போதுதான் போர்வையைக் கழற்றிக்கொண்டு போகப் பையோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். ஊன்றுகோல் இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பி நடந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பார்வை என் கையில் இருந்த மூலைக்கு வந்தது. அப்புறம் என் முகத்துக்கு. நான் மூலையை விடவில்லை.

“எந்திரிக்க முடியாமப் போனது இதுக்குத்தானா மாப்ள?” மாமாவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. “நான் அன்னைக்கு வண்டியில அழுதுட்டே போனனுங்க!”

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. “நீங்க தெச்சதா, தண்டபாணி?”

அப்பா பையைக் கீழே வைத்தார். தலையை நிமிர்த்தினார். “ஆமாங்க சார். நான் தெச்சதுதான். மடியில வச்சுத் தெச்சதுல லுங்கியும் சேந்து மாட்டிக்கிச்சு. எந்திரிச்சா போர்வையும் கூட வரும். சொல்றதுக்கு வெக்கமாப் போச்சுங்க. அன்னைக்குக் காலு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கும் நல்லாத்தான் இருக்குது.”

 அணிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.  அமுதவல்லி அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

“சார், ஈரோட்டுக் கிழிசல எப்படி சார் இப்படிப் பின்னுனீங்க?” என்று சொல்லிக்கொண்டே முன்னால் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினார். அவர் பின்னாலேயே மொத்த அணியும் செம்மண் கைகளோடு.

அப்பா இரண்டு விரலை நாக்குக்கு அடியில் வைத்து ஊதினார்.

கலையரங்கமே உறைந்தது. அணி ஒரே பாய்ச்சலில் கயிற்றுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றது. அவர்களோடு ஜெசிந்தா மேடமும், பார்க்க வந்த இரண்டு அம்மாக்களும், மாமாவும் வரிசையில் நின்றார்கள்.

“தொடக் கூடாது” என்றார் அப்பா, மைதானத்துக் குரலில். “பின்னாடி பாக்கறதுன்னா கையுற போட்டவங்களக் கேளுங்க.”

“சரிங்க சார்!”

தலைமையாசிரியர் வரிசையைப் பார்த்தார். மாமாவையும் பார்த்தார். இப்போது அவருக்கும் மீசைக்குள் சிரிப்பு. “ஒருக்கா உக்காந்து எந்திரிங்க, தண்டபாணி.”

அப்பா உட்கார்ந்து எழுந்தார். மெதுவாகத்தான். ஆனால் எதையும் பிடித்துக்கொள்ளாமல்.

“நாளைக்குக் காலைல வந்துருங்க. லைப்ரரிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்.”

மாலையில் மூடிகளைத் திறந்தார்கள். அப்பாவுடைய பெயர்த்துணியில் ‘மு. தண்டபாணி, உடற்கல்வி ஆசிரியர்’ என்று ஆரஞ்சு நூலில் இருந்தது. உடற்கல்வி ஆசிரியர் என்பதை அவர் எப்போது தைத்தார் என்று எனக்குத் தெரியாது. அதிகப் பொத்தான் வாங்கியது ஜாக்கெட் பிட் குயில்ட். எங்களுடையது இரண்டாவது. மாமா மறுபடி எண்ணச் சொல்லித் தகராறு செய்தார். அப்பா தன்னிடம் முதல் கண்காட்சியிலிருந்து இருந்த பொத்தானையும் சேர்த்து இரண்டையுமே ஜாக்கெட் பிட்டுக்குத்தான் போட்டிருக்கிறார். “பின்பக்கம் நம்முளுதவிட அது சுத்தம் கண்ணு. பொய் சொல்லக் கூடாது.”

வீட்டுக்கு வரும் வழியில், “நாலு மூல இருந்துச்சே” என்றார் அப்பா.

“ஆமாம்பா” என்றேன்.

 டீக்கடையில் நிறுத்தி எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 12, திங்கள்

இரண்டாவது பாடவேளை கணக்கு. ஜன்னல் வழியாக விசில் கேட்டது. காக்கைகளைப் பார்த்தேன். நின்றன.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். அணிப் பெண்கள் அப்பாவிடம் தையல் கேட்டு மூன்று கிழிந்த ஜெர்சி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஜெசிந்தா மேடம் வாழ்த்துச் சொல்லப் பேசும்போது, அடுத்த கண்காட்சிக்கு யார் வைக்கப்போகிறார்கள் என்று என்னைக் கேட்டார்.

லுங்கியில் இன்னும் அந்த ஜன்னல் இருக்கிறது. அப்பா அதைத் தூக்கிப் போடவிடவில்லை. அதனால் மிஞ்சியிருந்த மஞ்சள் ஜெர்சியில் ஒரு சதுரம் வெட்டி, ஓரத்தை மடித்து, குண்டூசி குத்தி, லுங்கியை மடியில் போட்டு நானே தைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்கவே வெகு நேரம் ஆனது. தொடங்கிய பிறகு நிறுத்த மனம் வரவில்லை. முதல் பக்கம் கோணல். இரண்டாவது பக்கம் பரவாயில்லை. மூன்றாவது பக்கம், நானே சொல்லக் கூடாது, கோடு போட்டதுபோல வந்திருக்கிறது.

அட்டை வைத்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

இப்போது வாசலில் மாமாவின் குரல் கேட்கிறது. கரும்புக் கட்டோடு வந்திருக்கிறார். “அம்மிணி, வந்து புடி!” என்று கூப்பிடுகிறார். அப்பா கதவோரம் நின்று என் பாவாடையைப் பார்க்கிறார்.

நான் எழுந்திருக்கவில்லை.